ரெட் அலர்ட்டை மதித்தவனுக்கு நஷ்டம்

டிசம்பர் நெருங்கினால் இங்கே லண்டனில் இருக்கிற நம்மூர் ஆட்களுக்கு இரண்டு கவலை. ஒன்று டிக்கெட் விலை. இன்னொன்று வானம். இந்தப் பக்கம் பனி கொட்டி ஹீத்ரோவை மூடுவார்களா? அந்தப் பக்கம் வங்காள விரிகுடாவிலோ குமரிக்கடலிலோ ஏதாவது சுழல ஆரம்பிக்குமா? வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற மூன்று வார லீவு. அதில் இரண்டு நாள் ஏர்போர்ட் தரையில் கழிந்தால் அந்த வருஷமே போன மாதிரிதான்.

எங்கள் ஊர் பொழியூர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரம், நெய்யாற்றின்கரை தாலுகா. நெய்யாறு கடலில் சேருகிற பூவார் பக்கத்தில்தான். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நீரோடி, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம் போயின, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் விருந்து எல்லாவற்றுக்கும் இரண்டு மாநிலத்திலும் ஆள் உண்டு. அதனால் டிசம்பர் லீவில் ஊர் போய்ச் சேர்ந்தாலும் சும்மா உட்கார முடியாது. திருச்செந்தூர், சென்னை, பாண்டிச்சேரி, வேளாங்கண்ணி என்று ஒரு சுற்று இருந்தே தீரும். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான் அதே ஊர்களைச் சுற்றி வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்தது பி.காம். வேலை பார்ப்பது வங்கியில். இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்தைப் படிப்பது எனக்குத் தொழில், பொழுதுபோக்கு இரண்டும் (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்). அப்படிப் படித்ததில் ரொம்ப நாளாக உறுத்துகிற ஒரு சங்கதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நம்ம ஊர்ப் பயணக் காப்பீடு, புயல் எச்சரிக்கையைக் கேட்டு வீட்டில் இருந்தவனுக்குப் பணம் தருவதில்லை. கேட்காமல் கிளம்பி மாட்டிக்கொண்டவனுக்குத் தருகிறது. இது தலைகீழ்.

உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும்.

2024 நவம்பர் கடைசி. ஃபெங்கல் புயல். என் அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கார் பிடித்துப் பாண்டிச்சேரியில் இரண்டு ராத்திரி தங்குவதாகத் திட்டம். விமானம் நவம்பர் 30 சாயங்காலம். அத்தான் முன்யோசனைக்காரர். அக்டோபரில் டிக்கெட் போட்டபோதே உள்நாட்டுப் பயணக் காப்பீடும் சேர்த்து எடுத்துவிட்டார். அதாவது புயல் என்ற பேச்சே இல்லாத காலத்தில்.

29ஆம் தேதி புயலுக்குப் பெயர் வைத்தார்கள். சென்னைக்கும் அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்கும் பாண்டிச்சேரிக்கும் ரெட் அலர்ட். வெளியே வராதீர்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அத்தான் எனக்குப் போன் பண்ணினார். "மக்கா, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு புயலுக்குள்ள போறதா? நான் கேன்சல் பண்ணிட்டேன்" என்றார். நல்ல காரியம் அத்தான் என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவருடைய நண்பர் குடும்பமும் அதே விமானத்தில், அதே ஓட்டலுக்குத்தான் கிளம்ப இருந்தது. அந்த நண்பர், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டார். மறுநாள் மதியத்திலிருந்து அடுத்த நாள் அதிகாலை வரை சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். விமானம் ரத்து. நண்பருக்கு டிக்கெட் பணம் முழுசாகத் திரும்பி வந்தது. விமானம் ரத்து என்ற சான்றைக் காட்டி, ஓட்டல் பணத்தைக் காப்பீட்டிலும் வாங்கிவிட்டார்.

அத்தானுக்கு? டிக்கெட்டில் கேன்சல் கட்டணம் பிடித்தது போக மிச்சம் வந்தது. ஓட்டல்காரர் 24 மணி நேர விதியைக் காட்டினார். காப்பீட்டு நிறுவனம் இரண்டே வரியில் பதில் அனுப்பியது: பயணத்தை ரத்து செய்தது உங்கள் சொந்த முடிவு, பாலிசியில் சொன்ன காரணங்களுக்குள் வராது. எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரம் ரூபாய் போனது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த ஒரு நிறுவனம் என்று இல்லை, பல பாலிசிகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இரண்டு பேரும் ஒரே பிரீமியம் கட்டியவர்கள். இரண்டு பேரும் போகவில்லை. புயலும் ஒன்றுதான். ஒருவர் அரசாங்கம் சொன்னதை அன்றைக்கே கேட்டார், இன்னொருவர் மறுநாள் வரை காத்திருந்தார். கேட்டவருக்கு அபராதம்.

நண்பர் காத்திருந்தது வீட்டில் என்பதால் பாதகமில்லை. காலை விமானமாக இருந்திருந்தால்? சென்னையில் இறங்கியிருப்பார், கடற்கரைச் சாலையில் கார் ஏறியிருப்பார். அன்று ராத்திரி புயல் கரையைக் கடந்தது பாண்டிச்சேரி பக்கத்தில்தான். 24 மணி நேரத்தில் அந்த ஊரில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தண்ணீரில் மாட்டியவர்களை மீட்க ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது நினைவிருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். பல பேரை 19ஆம் தேதிதான் வெளியே கொண்டுவர முடிந்தது. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்.

இப்படிப்பட்ட நாளில் ஒரு குடும்பம் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் லாபம். மீட்புப் படகில் ஒரு இடம் மிச்சம். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் மிச்சம். ஏன், காப்பீட்டு நிறுவனத்துக்கே லாபம்தான். போய் அடிபட்டிருந்தால் மருத்துவச் செலவு, பெட்டி தொலைந்த செலவு, தாமதச் செலவு எல்லாம் அவர்கள் தலையில்தானே விழும்?

பி.காம் மூன்றாம் வருஷத்தில் காப்பீட்டுத் தத்துவங்கள் என்று ஒரு பாடம் உண்டு. நம்பிக்கைக் கோட்பாடு, ஈட்டுக் கோட்பாடு என்று வரிசையாக மனப்பாடம் பண்ணுவோம். அதில் கடைசியாக, யாரும் கவனிக்காமல் ஒன்று உட்கார்ந்திருக்கும்: நஷ்டத்தைக் குறைக்க வேண்டியது பாலிசிதாரரின் கடமை. வீட்டில் தீப்பிடித்தால், இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அணைக்கப் பார்க்க வேண்டும்.

இதில் மூத்தது கப்பல் காப்பீடு. இந்தியாவின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963 இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நஷ்டத்தைத் தடுக்கவும் குறைக்கவும் நியாயமான நடவடிக்கை எடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை. கடமை என்று சொல்லிவிட்டு சும்மா விடவும் இல்லை. 'ஸ்யூ அண்ட் லேபர்' என்று ஒரு ஷரத்து பாலிசியில் இருந்தால், சரக்கைக் காப்பாற்ற நியாயமாகச் செலவழித்த பணத்தை நிறுவனத்திடமே கேட்டு வாங்கலாம். கப்பல் தப்பித்துவிட்டதே, உனக்கு எதற்குப் பணம் என்று கேட்க முடியாது. முன்ஜாக்கிரதைக்கு ஆன செலவும் நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

கடலில் போகிற சரக்குக்கு இருக்கிற இந்த நியாயம், விமானத்தில் போகிற மனுஷனுக்கு ஏன் இல்லை? அத்தான் இழந்த இருபத்து மூவாயிரமும் நஷ்டத்தைத் தடுக்க ஆன செலவுதானே?

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. எச்சரிக்கை என்ற சொல்லுக்கு எங்கள் கரையில் என்ன விலை என்று தெரியும்.

2017 நவம்பர் 30. ஓக்கி. வங்காள தேசம் வைத்த பெயர், கண் என்று அர்த்தம். குமரிமுனைக்குத் தெற்கே, கரைக்கு ரொம்பப் பக்கத்தில், மிக வேகமாக வலுத்த புயல் அது. புயல் என்று அறிவித்தபோது பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை என்று இரண்டு மாநிலக் கரையிலிருந்தும் போன வள்ளங்களும் படகுகளும் நடுக்கடலில் இருந்தன. இறந்தவர்களும் திரும்பி வராதவர்களும் நூற்றுக்கணக்கில். உடல் கிடைக்காத வீடுகளில் இன்னொரு கொடுமை. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று கருதச் சட்டம் ஏழு வருஷம் கேட்கும். அரசாங்கங்கள் அந்த விதியைத் தளர்த்திய பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைத்தது. எச்சரிக்கை நேரத்துக்கு வந்ததா, யாருக்கு எப்போது சொன்னார்கள் என்ற சண்டை வெகுகாலம் ஓடியது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வானிலை அறிவிப்பு என்றால் வேறு மரியாதை. கோயில் மைக்கில் சொல்வார்கள் (எங்கள் கரையில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்). புயல் மட்டும் இல்லை, கள்ளக்கடல் வருகிறது என்றாலும் சொல்வார்கள். காற்றே இல்லாமல் தூரத்துக் கடலின் அலை திடீரென்று கரைக்குள் ஏறி வருவதற்கு எங்கள் பக்கத்தில் வைத்த பெயர் அது. இன்றைக்கு விஞ்ஞானிகளும் அதே பெயரில்தான் அறிவிப்பு விடுகிறார்கள். சிவப்பு என்று சொன்னால் வள்ளம் இறங்காது. அன்றைய அடுப்புக்கு வழி இல்லை என்று தெரிந்தும் இறங்காது.

சில சமயம் எச்சரிக்கை பொய்த்துப் போகும். வானம் வெளுத்து, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். "இதுக்கா ரெண்டு நாள் சும்மா இருந்தோம்" என்று முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பு ஆபத்தானது. அடுத்த எச்சரிக்கையின் மதிப்பை அது குறைத்துவிடும். கேரள அரசு இதைக் கொஞ்சமாவது புரிந்துகொண்டது. 2021 அக்டோபர், நவம்பரில் வானிலை எச்சரிக்கையால் கடலுக்குப் போக முடியாமல் இருந்த மீனவக் குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய் கொடுக்க முடிவு செய்தது. தொகை சின்னது, ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கொள்கை பெரியது: எச்சரிக்கையை மதித்ததால் வந்த நஷ்டத்தை மதித்தவன் மட்டும் சுமக்கக் கூடாது.

அந்தக் கொள்கையைத்தான் பயணக் காப்பீட்டிலும் கேட்கிறேன். லீவுக்குப் போகிறவனையும் கடலுக்குப் போகிறவனையும் நான் சமமாக்கவில்லை. ஒருவனுக்குப் போவது உல்லாசம், மற்றவனுக்குப் பிழைப்பு. ஆனால் இரண்டு பேருக்கும் வருவது ஒரே அறிவிப்பு. அதைக் கேட்டால் கையில் இருக்கிற காசு போகும் என்று ஒருவன் கற்றுக்கொண்டால், அடுத்த முறை கேட்க மாட்டான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புவான்.

இங்கே பிரிட்டனில் எப்படி என்று கேட்பீர்கள். இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். போக மனசில்லை என்பதற்காக ரத்து செய்தால் இங்கேயும் காசு கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம். ஒரு இடத்துக்குப் போக வேண்டாம் என்று இங்குள்ள வெளியுறவுத் துறை அறிவித்தால், பொதுவாகக் காப்பீட்டில் அதற்கு எடை உண்டு. டிக்கெட் போட்ட பிறகு அந்த அறிவிப்பு வந்தால் பல பாலிசிகள் ரத்துச் செலவைத் தருகின்றன. அறிவிப்பை மீறிப் போனால் பெரும்பாலும் பாலிசியே செல்லாது. பேக்கேஜாக வாங்கிய சுற்றுலாவுக்கு இன்னும் வலுவான பாதுகாப்பு. போகிற ஊரில் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை வந்து பயணத்தை வெகுவாகப் பாதிக்குமானால், கட்டணம் இல்லாமல் ரத்து செய்யும் உரிமையை 2018ஆம் வருஷத்து விதிகள் தருகின்றன. பயணி பயந்தானா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. அந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இனி எதிர்த்தரப்பு. வங்கிக்காரன் என்பதால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு அத்துப்படி :-)

முதல் வாதம்: பயந்தவனுக்கெல்லாம் பணம் கொடுத்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான். மாமியாரோடு சண்டை போட்டவன்கூட மழை என்று சொல்லி ரத்து செய்வான். நியாயமான பயம். அமெரிக்காவில் இதற்காகவே, என்ன காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்று ஒரு வகை உண்டு. பிரீமியம் கூடுதல், கிடைப்பது பொதுவாகச் செலவில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை. ஆனால் நான் கேட்பது அது இல்லை. ரெட் அலர்ட் கொடுப்பது அத்தான் இல்லை, அவருடைய மாமியாரும் இல்லை. இந்திய வானிலை ஆய்வு மையம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு நிறம், மாவட்ட வாரியாக, தேதி போட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுகிறார்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்று அர்த்தம். பாலிசிதாரரால் திருத்த முடியாத ஆவணம் அது. இதைவிட நல்ல சாட்சி எந்தக் க்ளெய்முக்குக் கிடைக்கும்?

இரண்டாவது வாதம்: எச்சரிக்கை பொய்த்துப் போனால்? பொய்க்கட்டுமே. வீட்டைக் கழுவிவிடும் என்று சொன்ன வெள்ளம் வராமல் போனால் சந்தோஷப்பட வேண்டும். எத்தனை அலர்ட் வருகிறது, எத்தனை பலிக்கிறது என்பதற்கு வருஷக்கணக்கில் பதிவு இருக்கிறது. அதை வைத்துப் பிரீமியம் போடுவதுதானே ஆக்சுவரிகளின் வேலை? பிரீமியம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்தாவது கட்டுவோம்.

மூன்றாவது வாதம் ஓட்டல்காரர்களுடையது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் பூவார் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. டிசம்பர், ஜனவரிதான் சீசன். அலர்ட் வந்தால் நெய்யாற்றின் கழிமுகத்தில் சுற்றுலாப் படகு ஓடாது. படகு ஓட்டுகிறவர், இளநீர் விற்கிறவர், இரண்டு அறையை வாடகைக்கு விடுகிற குடும்பம், யாருக்கும் அன்று வரும்படி இல்லை. அந்த நேரத்தில் விருந்தாளி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பார்கள்? ஏற்கனவே அந்தக் காசில் அரிசியும் மீனும் வாங்கியாகிவிட்டது. இதனால்தான் நஷ்டம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறேன். ஆயிரம் பேர் நஷ்டத்தைப் பத்து லட்சம் பேரிடம் பிரித்துப் போடத்தானே அந்தத் தொழிலே இருக்கிறது? அவர்கள் விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டால், விருந்தாளி படகுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அட்வான்ஸ் கரையிலேயே தங்கும்.

என் கோரிக்கை இதுதான். நாம் புறப்படுகிற மாவட்டத்துக்கோ போகிற மாவட்டத்துக்கோ பயண நாளுக்கு ரெட் அலர்ட் இருந்தால், ரத்துச் செலவில் முக்கால் பங்கையாவது தர வேண்டும். பாலிசி எடுத்தபோது அந்தப் புயல் பேச்சில் இருந்திருக்கக் கூடாது, அது சரி. ஆரஞ்சுக்கு வேண்டாம், மஞ்சளுக்கு வேண்டவே வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நினைத்தால் எல்லா உள்நாட்டுப் பாலிசியிலும் இதை ஒரு கட்டாய ஷரத்தாக வைக்கலாம். எந்த வானிலை, எந்த மாவட்டம், எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், க்ளெய்முக்கு நாலு தாள் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

அது வருகிற வரை வருகிறபடி வரட்டும் என்று விட முடியாதே. ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது:

1. டிக்கெட் போட்ட அன்றைக்கே பாலிசி எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால், தெரிந்த ஆபத்து என்று கழித்துவிடுவார்கள். எரிகிற வீட்டுக்கு யாரும் தீக்காப்பீடு தர மாட்டார்கள்.

2. போகப் போவதில்லை என்று முடிவெடுத்தாலும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். வீட்டிலேயே இருங்கள், விமான நிறுவனமோ ரயில்வேயோ ரத்து செய்கிறதா என்று கடைசி நேரம் வரை பாருங்கள். கட்டணம் இல்லாமல் தேதி மாற்றலாம் என்று புயல் நேரத்தில் நிறுவனங்களே அறிவிப்பதும் உண்டு. அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணம், நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம். (இப்படி ஒரு யோசனை சொல்ல வேண்டியிருப்பதே நான் மேலே சொன்ன கோளாறுக்குச் சாட்சி.)

3. வானிலை காரணமாக ரத்தானால் விமான நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டியதில்லை, இந்தியாவிலும் சரி, இங்கேயும் சரி. ஆனால் டிக்கெட் பணம் அல்லது மாற்று விமானம் உங்கள் உரிமை. பிரிட்டனிலிருந்து கிளம்புகிற விமானமானால், பனியே காரணமாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், ராத்திரி ஆனால் தங்க இடமும் தர வேண்டும். 2010 டிசம்பரில் ஹீத்ரோ பனியில் முடங்கியபோது டெர்மினல் தரையில் படுத்தவர்கள் எத்தனையோ பேர். உரிமையைத் தெரிந்துவைத்துக் கேளுங்கள்.

4. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகாமல் இருந்தால் முழுப் பணம் கேட்கலாம். ஆனால் ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும். டிக்கெட் போடும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாக ஒரு காப்பீடு கேட்பார்களே, அது விபத்துக்கு. உயிர் போனால் 10 லட்சம். தாமதத்துக்கும் ரத்துக்கும் அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எடுங்கள், அந்தக் காசுக்கு அது நல்ல பாலிசி.

5. தாமதத்துக்கான ஷரத்தைப் படியுங்கள். முதல் ஆறு மணி நேரம், சிலவற்றில் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கணக்கு ஆரம்பிக்கும். லண்டனிலிருந்து வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குத் தனி டிக்கெட் என்று மலிவாகப் போடுகிறவர்கள் கவனம். முதல் விமானம் பனியில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை. பாலிசியில் இணைப்பு விமானம் தவறுவதற்குத் தனி ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

6. அன்றைய வானிலை அறிவிப்பு, விமானம் ரத்தான செய்தி, சாப்பாட்டு பில், எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். கேரளாவுக்குக் கொச்சியில், தமிழ்நாட்டுக்குச் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

அத்தானையும் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதச் சொன்னேன். "இருபதாயிரத்துக்கு எவன் அலைவான்" என்றார். அக்கா விடவில்லை. அவளே உட்கார்ந்து எழுதினாள், நாலு பக்கம். பாலிசி வாசகம் அப்படி இருக்கும்போது ஜெயிப்பது கஷ்டம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். இப்படிப் புகார்கள் ஒரு இடத்தில் குவிந்தால்தான் அந்த ஷரத்தை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்காவின் கடிதத்தில் கடைசி வரி எனக்குப் பிடித்தது. "அரசு சொன்னதைக் கேட்டது எங்கள் குற்றமா என்று மட்டும் எழுத்து மூலம் தெரிவிக்கவும்." அவள் பி.காம் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்பு. நான் மேலே இவ்வளவு நீளமாக எழுதியதை ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.